சிபாடான் பயணக் குறிப்புகள்: பேராமைகளின் நடுவே

வியாழன், செம்பூர்ணா

கோலாலம்பூரிலிருந்து தாவாவ் நகருக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. தீபகற்பத்தில் வசிக்கும் மலேசியர்களாகிய நாங்களும் போர்னியோ தீவிலுள்ள சபா மாநிலத்துக்குள் நுழையக் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்டித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வேனில் வந்தோம். வழிநெடுகச் செம்பனைத் தோட்டங்களைத் தவிர வேறெதுவும் பெரிதாகக் கண்ணில் படவில்லை. செம்பூர்ணா ஒரு சிறிய துறைமுக ஊர். மீன் சந்தையும், தண்ணீரின் மேல் கால் நட்டு எழுப்பிய பலகை வீடுகளும், தீவுகளுக்குப் புறப்படும் விசைப்படகுகளின் இரைச்சலுமாக இருக்கிறது.

நானும் தங்கையும் இவ்வளவு தூரம் வந்திருப்பது சிபாடான் தீவின் கடலாமைகளைக் காண்பதற்காக. செம்பூர்ணாவுக்குத் தெற்கே, செலிபஸ் கடலில் இருக்கும் அந்தத் தீவைக் கால்நடையாகச் சுற்றிவர அரை மணி நேரம் போதும் என்பார்கள். ஆனால் அதன் பெருமையெல்லாம் நீருக்கு அடியில் இருக்கிறது. மலேசியாவின் மற்ற தீவுகள் பெரும்பாலும் ஆழமற்ற கண்டத்திட்டின் மேல் உட்கார்ந்திருக்க, சிபாடான் மட்டும் சுமார் 600 மீட்டர் ஆழத்திலிருந்து எழும் ஓர் அணைந்த எரிமலையின் உச்சியில் பவளம் படிந்து படிந்து உருவானது. ஆழ்கடலின் சத்துமிக்க நீர் நேராக வந்து மோதும் செங்குத்துப் பவளச் சுவர் என்பதால், பவளப்பாறையைச் சார்ந்த சிறு மீன்களும் திறந்த கடலில் திரியும் பெரிய மீன்களும் அங்கே ஒரே இடத்தில் கூடுகின்றன. மன்னார் வளைகுடா மீனவர்கள் பேராமை என்றும் அழுங்காமை என்றும் அழைக்கும் இரண்டு இனங்களும் அங்கே மேய்கின்றன. பேராமைகள் அத்தீவின் மணலிலேயே ஏறி முட்டையும் இடுகின்றன.

சிபாடானில் இப்போது எவரும் இரவு தங்க முடியாது. முன்பு தீவிலேயே விடுதிகள் இருந்தன. அவற்றை அகற்ற அரசு ஆணையிட்டு, 2004ஆம் ஆண்டின் முடிவுக்குள் எல்லாம் வெளியேற்றப்பட்டன. கழிவுநீர் பவளத்தைக் கெடுக்கும். கரையோர விளக்குகள் முட்டையிட ஏறும் தாய் ஆமையை விரட்டும், பொரித்து வெளிவரும் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஆகவே முக்குளிப்போர் மாபுல், கப்பாலாய் போன்ற அண்டைத் தீவுகளில் தங்கி, அனுமதிச் சீட்டுடன் பகலில் மட்டும் போய்வருகிறார்கள். எங்களுக்குச் சனிக்கிழமைக்குச் சீட்டுக் கிடைத்திருக்கிறது.

வெள்ளி, மாபுல்

காலையில் படகேறி மாபுல் வந்து சேர்ந்தோம். சிபாடானுக்கு அழைத்துச் செல்லும் முன், வந்தவர்களின் திறனை அறிய வழிகாட்டிகள் இங்கே ஒரு முன்னோட்ட முக்குளிப்பு நடத்துகிறார்கள். எங்கள் வழிகாட்டி இந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்த பஜாவ் இனத்தவர். நாற்பது வயது இருக்கும். மலாய் வழக்கப்படி அவரை ‘அபாங்’ (அண்ணன்) என்றே அழைத்தோம். அவர் முதலில் கவனித்தது எங்கள் சான்றிதழையன்று, நீரில் அமிழ்வதற்காக இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்டுகிறோம் என்பதைத்தான். தங்கை கட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றச் சொன்னார். “அதிக ஈயம் கட்டினால் பி.சி.டி. என்ற மிதவைச் சட்டையில் அதிகக் காற்று நிரப்ப வேண்டிவரும், பிறகு கால் தாழும், காலில் மாட்டிய ஃபின் துடுப்பு பவளத்தில் படும்,” என்று பொறுமையாக விளக்கினார்.

டேங்கில் அடைத்த காற்றைச் சுவாசித்து முக்குளிக்கும் ஸ்கூபா பழகாதவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நீருக்கடியில் ஏறுவதும் இறங்குவதும் கை கால்களை அடித்துச் செய்கிற வேலையல்ல. எடை சரியாக இருந்தால், மூச்சை ஆழ இழுக்கும்போது உடல் ஒரு சாண் எழும்பும். மெல்ல விடும்போது ஒரு சாண் தாழும். அந்தச் சமநிலை கைவந்தவர் பவளத்துக்கு அரை மீட்டர் மேலே அசையாமல் நிற்கலாம். கைவராதவர் கைகளைத் துழாவுவார், மணலைக் கிளப்புவார், நூறு ஆண்டு வளர்ந்த பவளத்தை ஒரே உதையில் முறிப்பார். ஆமைகள் இருக்கும் இடத்துக்கு நம்மை அழைத்துப் போகலாமா என்பதை அந்த ஒன்றை வைத்தே அபாங் முடிவு செய்தார். அது முற்றிலும் சரியான அளவுகோல் என்றே நான் நினைக்கிறேன்.

மாபுலின் அடித்தரை மணலும் சேறும் கலந்தது. தவளைமீன், ஓடில்லாக் கடல் நத்தைகள், வண்ணம் மாற்றும் சிறு கணவாய் என்று விரல் நீளத்து உயிர்களைத் தேடுவோருக்கு இது சொர்க்கம். அவற்றை நாளை மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இன்று என்னை உலுக்கியது வேறொன்று. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் இருந்தபோது ‘டம்’ என்று ஓர் ஓசை கேட்டது. காதில் கேட்டதைவிட நெஞ்சில் உணர்ந்தேன் என்பதே பொருத்தம். அபாங் திரும்பி, இரு கைகளையும் குவித்து விரித்துக் காட்டினார். மீன் வெடி. போத்தலில் வெடிமருந்து அடைத்துக் கடலில் எறிந்து, செத்து மிதக்கும் மீன்களை அள்ளும் வழக்கம் செம்பூர்ணாக் கடலில் சட்டத்தால் தடுக்கப்பட்டும் ஒழியவில்லை. நீரில் ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் செல்கிறது. வெடித்த இடம் பல கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். வெடி விழுந்த இடத்தில் பவளம் சல்லிக்கற்களாகிவிடும். உருளும் சல்லியில் புதிய பவளம் வேர்பிடிக்க முடியாததால், ஒரு நொடியில் அழிந்த இடம் பல பத்தாண்டுகள் தரிசாகவே கிடக்கும்.

சனி, சிபாடான்

விடியும் முன்பே படகு புறப்பட்டது. சிபாடானின் படகுத்துறையில் இறங்கி, சபா பூங்காத் துறையின் பதிவேட்டில் ஒவ்வொருவரும் பெயர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். துப்பாக்கி ஏந்திய காவலர்களும் அங்கே நிற்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் பிலிப்பைன்சிலிருந்து வந்த ஆயுதக் குழுவினர் இத்தீவிலிருந்து 21 பேரைக் கடத்திச் சென்ற பிறகு இந்தக் காவல் தொடர்ந்து இருந்துவருகிறது.

முதல் முக்குளிப்பு பாரகுடா முனையில். படகின் விளிம்பிலிருந்து முதுகுப்புறமாகச் சரிந்து விழுந்து, குமிழிகள் விலகியதும் கீழே பார்த்தேன். அடித்தரை என்று ஒன்று இல்லை. ஒரு பக்கம் பவளச் சுவர். மறுபக்கம் நீலம், அதற்குக் கீழே கருநீலம். இத்தகைய இடத்தில் கண்ணுக்குப் பிடிப்பு எதுவும் கிடைக்காததால் ஆழமானியை அடிக்கடி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அறியாமலே இறங்கிக்கொண்டே இருப்போம்.

பதினான்கு மீட்டரில், சுவரில் குடைந்த ஒரு திட்டில், முதல் பேராமை படுத்திருந்தது. ஓடு ஒரு மீட்டர் நீளம் இருக்கும். அபாங் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். மூன்று மீட்டர் தள்ளி, அதன் பக்கவாட்டில், அதைவிடச் சற்றுத் தாழ்வாக நின்றோம். ஆமைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் ஒருபோதும் போய் நிற்கக் கூடாது என்பது இங்கே உள்ள முதல் விதி. மூச்சுக்காக அது மேலே எழும் வழியை நாம் மறித்தால், ஓய்வைக் கலைத்ததோடு அதன் உயிர்க்காற்றையும் தடுத்தவர்களாவோம்.

அருகிருந்து பார்க்கையில்தான் எத்தனை நுணுக்கங்கள்! ஓட்டின் இருபுறமும் நான்கு நான்கு பெரிய தகடுகள். ஒவ்வொன்றிலும் பழுப்பும் மஞ்சளுமாகக் கதிர் விரிந்த கோலம். இரு கண்களுக்கும் நடுவே ஒரே ஒரு சோடி நீள் செதில். பேராமையை அடையாளம் காண இது உறுதியான குறி, அழுங்காமைக்கு அங்கே இரண்டு சோடி இருக்கும். கீழ்த்தாடையின் ஓரம் ரம்பப் பற்களாக வெட்டப்பட்டிருந்தது. கடற்புல்லையும் பாசியையும் அறுத்துத் தின்பதற்கு ஏற்ற அமைப்பு. ஓட்டின் மேல் இரண்டு ஒட்டுமீன்கள் படிந்திருக்க, கருநிறக் கத்திவால் மீன்கள் ஓட்டில் படர்ந்த பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன. அது கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. மீண்டும் பாதி மூடிக்கொண்டது. அந்த அலட்சியத்தில் என் மனம் நெகிழ்ந்தது. மனிதரைக் கண்டும் ஒரு காட்டுயிர் தூங்குகிறதென்றால், பல காலமாக அதற்கு மனிதரால் தீங்கு நேரவில்லை என்றுதான் பொருள்.

ஐம்புலன்களை அடக்குவதற்கு ஆமையை உவமை காட்டும் மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்வது நிலத்திலும் குளத்திலும் வாழும் ஆமைகளின் இயல்பு. கடலாமைக்கு அது இயலாது. வேகமாக நீந்துவதற்காக அதன் ஓடு தட்டையாகி, கால்கள் துடுப்புகளாகிவிட்டன. கடலாமை அடக்குவது மூச்சை. மேய்கிறபோது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வரும் அது, உறங்கும்போது இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கீழேயே இருக்கும். அதன் எதிரில் நிற்கும் எங்களுக்கோ மூச்சை அடக்கவே கூடாது என்பதுதான் முதற்பாடம்; அழுத்தமேறிய காற்றைச் சுவாசித்துவிட்டு, அடக்கிய மூச்சோடு மேலே எழுந்தால் நுரையீரலில் அந்தக் காற்று விரிந்து கிழித்துவிடும். இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்கு. டேங்கில் உள்ள காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். சற்று நேரத்தில் அந்த ஆமை துடுப்புகளை இரண்டு முறை வீசி, மேலே மின்னும் ஒளியை நோக்கி எழுந்து போனது. நாங்கள் கண்களால் மட்டும் பின்தொடர்ந்தோம்.

சுவரின் விளிம்பில் நீரோட்டம் வலுத்தது. உயிரற்ற பாறையை இரண்டு விரல்களால் பற்றிக்கொண்டு நீலத்தைப் பார்த்து நின்றோம். நூற்றுக்கணக்கான பாரகுடா மீன்கள், வெள்ளிப் பட்டைகளாக, ஒரே திசையில் வட்டமிட்டுச் சுழன்றபடி கடந்தன. அவற்றுக்குப் பின்னால் கொம்புத்தலைக் கிளிமீன்களின் மந்தை ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குமேல் நீளம். பவளத்தைக் கடித்து நொறுக்கும் ஓசை, பக்கத்து அறையில் யாரோ முறுக்குத் தின்பதைப்போல் தெளிவாகக் கேட்டது. அவை தின்று கழிக்கும் சுண்ணாம்புத் துகளே இத்தீவின் வெண்மணலில் பெரும்பங்கு. ஆமை முட்டையிடும் மணலை ஆக்குவதும் இந்த மீன்தான் என்று எண்ணும்போது, ஒன்றைக் காத்து மற்றொன்றைப் பிடித்துத் தின்னலாம் என்ற கணக்கு கடலில் செல்லாது என்பது விளங்குகிறது.

இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவில், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காகக் கரையில் காத்திருந்தோம். அந்த நேரத்தில் தங்கைக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதிவிடுகிறேன். சிபாடானைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சிபாடானும் அதன் கிழக்கே உள்ள லிகித்தானும் யாருக்குச் சொந்தம் என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் நெடுங்காலம் வழக்காடின. இறுதியில் இரு நாடுகளும் சேர்ந்தே ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்திடம் போயின. 1891ஆம் ஆண்டு பிரிட்டனும் நெதர்லாந்தும் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தம் இத்தீவுகளைப் பற்றி எதையும் தீர்மானிக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. பழைய சுல்தான்கள் வழியாக வந்த உரிமை என்ற வாதங்களும் நிற்கவில்லை. அப்படியானால் இத்தீவுகளை உண்மையில் நிர்வகித்தவர் யார் என்ற கேள்வி மட்டுமே மிஞ்சியது. அதற்கு விடை தந்தவை ஆமை முட்டைகள். இன்றைய சபாவான வடக்கு போர்னியோவின் பிரிட்டிஷ் நிர்வாகம் 1917இல் ஆமைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, முட்டை சேகரிக்க உரிமம் வழங்கி, அது தொடர்பாக எழுந்த சச்சரவுகளையும் தீர்த்து வைத்திருந்தது. 1933இல் சிபாடானைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததும், 1960களின் தொடக்கத்தில் இரு தீவுகளிலும் கலங்கரை விளக்கங்களை அமைத்ததும் உடன் சேர்ந்தன. 2002 டிசம்பர் 17 அன்று, 17 நீதிபதிகளில் 16 பேர் மலேசியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். கோட்டையோ போரோ அல்லாமல், ஆமை முட்டையை எடுக்க ஒழுங்கு வகுத்த ஒரு காகிதம் ஒரு தீவின் உடைமையைத் தீர்மானித்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அந்தத் தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டுகளில் விடுதிகள் அகற்றப்பட்டன. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் வந்தது. ஒரு காலத்தில் 120ஆக இருந்த அந்த எண்ணிக்கையைப் பிற்காலத்தில் கூட்டியிருக்கிறார்கள். கூட்டியதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்த முக்குளிப்பு படகுத்துறைக்கு அருகிலேயே. இடுப்பளவு நீரில் சில அடிகள் நடந்தால் தரை முடிந்து சுவர் தொடங்கிவிடுகிறது. அந்தச் சுவரில், ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்தில், ஆமைக் கல்லறை எனப்படும் குகையின் வாய் இருக்கிறது. உள்ளே கிளைகளாகப் பிரியும் இருண்ட சுரங்கங்கள். தரையில் ஆமைகளின் எலும்புக்கூடுகள். சாகும் காலம் வந்ததும் ஆமைகள் தாமாகவே இங்கே வருகின்றன என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை அதைவிடத் துயரமானது: உள்ளே புகுந்து வழி தவறியவை, மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கி இறந்தவை அவை. குகை முக்குளிப்புப் பயிற்சி இல்லாத மனிதருக்கும் அங்கே அதே கதிதான். அபாங் எங்களை வெளிச்சம் எட்டும் முன்மண்டபத்தோடு நிறுத்திவிட்டார். டார்ச் ஒளியில் ஒரு மண்டையோட்டையும், விசிறியாக விரிந்து கிடந்த துடுப்பெலும்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில், ஐந்து மீட்டர் ஆழத்தில் நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்காக மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் செய்தபோது, எண்ணிப் பார்க்க மனம் வராத அளவுக்குப் பேராமைகள் எங்களைச் சுற்றி மேய்ந்தும் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தன. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டுமானப் பொருள்களை ஏற்றிவந்த ஒரு பாரப்படகு தரைதட்டிப் பவளத்தைச் சிதைத்தது இந்தச் சுவரின் பக்கம்தான்.

ஞாயிறு, மாபுல்

இன்று சிறியவற்றைத் தேடிப் போனோம். தவளைமீன் இரண்டு கிடைத்தன. ஆனால் எழுத வேண்டியது ஓர் அழுங்காமையைப் பற்றி. கிளியின் அலகைப்போல் கூர்ந்த வாயைப் பவள இடுக்கில் நுழைத்து, அது கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஓட்டின் தகடுகள் ஓலைக் கூரையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. சீப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி என்று எத்தனையோ பொருள்களுக்காக உலகெங்கும் இந்த இனத்தைக் கொன்று குவித்தது அந்தத் தகடுகளின் அழகுக்காகத்தான். பேராமையின் நிலை மேம்பட்டிருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025இல் அறிவித்தது. அழுங்காமையோ அற்றுப்போகும் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில்தான் இன்னமும் இருக்கிறது.

வேறொரு படகில் வந்த ஒருவர், படம் எடுப்பதற்காக அதன் ஓட்டில் கை வைத்தார். ஆமை தின்பதை விட்டு விலகிப் போய்விட்டது. அபாங் அவரிடம் நீந்திச் சென்று, அவர் கையை மெதுவாகப் பிடித்து அவருடைய மார்பின்மேல் மடித்து வைத்தார். கரையேறிய பிறகும் குரலை உயர்த்தவில்லை. தம் சிறுவயதில் ஆமை முட்டை வீட்டில் சாதாரணமாகக் கிடைத்த உணவு என்றும், தம் பிள்ளைகள் அதன் சுவையை அறியமாட்டார்கள் என்றும் எங்களிடம் சொன்னார். சபாவில் 1997ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி முட்டையை வைத்திருப்பதே குற்றம்; ஆனாலும் கள்ளச்சந்தை முற்றிலும் ஓயவில்லை. கூட்டில் சுமார் நூறு முட்டைகள் இருக்கும். இரண்டு மாதம் வெயிலின் சூட்டில் அடைகாக்கப்படும். மணல் சூடேறினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பொரிக்கின்றன. மணலின் வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் கூடுகளுக்கு நிழல் தரும் மரங்களை விட்டுவைப்பதும் ஆமைக்குச் செய்யும் பாதுகாப்புதான்.

திங்கள், செம்பூர்ணா

பலமுறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பதால் இன்று ஓய்வு. உடலில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும்.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். சிபாடான் அனுமதிச் சீட்டை விடுதிகள், முக்குளிப்பு நிறுவனங்கள் வழியாகத்தான் பெற முடியும். விரும்பிய நாளில் கிடைப்பது அரிது, பல மாதங்களுக்கு முன்பே கேட்டு வையுங்கள். பவளப்பாறை ஓய்வெடுப்பதற்காக ஆண்டில் ஒரு மாதம் தீவை மூடிவிடுகிறார்கள். பயணச்சீட்டு எடுக்கும் முன் அந்த மாதம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முக்குளிப்பில் தொடக்கநிலைக்கு அடுத்ததான அட்வான்ஸ்டு நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். நீரோட்டத்தின் வேகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அது தேவையானதே என்று சொல்வேன். மிதப்புச் சமநிலையை உங்கள் ஊர் நீச்சல் குளத்திலேயே பழகிவிட்டு வாருங்கள். கையுறை வேண்டாம், அது இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும். சீட்டுக் கிடைத்துவிட்டால் பாரகுடா முனைக்கு விடியற்காலைப் படகையே கேளுங்கள். கிளிமீன் மந்தையைப் பார்க்க அதுவே தக்க நேரம்.